முன்குறிப்பும் தன்விருப்பமும் (கிறித்தவம்)

முன்குறிப்பு என்பது, மீட்புப் பெறுவோரைக் கடவுள் உலகம் தோன்றுவதற்கு முன்பே தெரிந்தெடுத்துள்ளார் என்னும் கிறித்தவக் கோட்பாடு ஆகும். தன்விருப்பம் என்பது, நன்மை தீமைகளுள் ஒன்றைப் புறக்கட்டாயம் இன்றித் தெரிவு செய்ய மனிதருக்கு உள்ள ஆற்றலைக் குறிக்கும். இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியுமா, முடியுமெனில் எவ்வாறு என்பது கிறித்தவ இறையியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். இவ்வினாவுக்கு எல்லாத் திருச்சபைகளும் ஏற்றுக்கொண்ட ஒரே விடை இன்றுவரை இல்லை.

ஐரோப்பாவில் இவ்வினாவை ஒட்டி எழுந்த விடைகள் ஒன்றையொன்று மறுத்தவை. அவ்விடைகளைக் கொண்டிருந்த சபைகள் வெவ்வேறு காலங்களில் தென் திருவிதாங்கூருக்கு வந்தன. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் இரணியல், நெய்யூர், குளச்சல், திருவிதாங்கோடு ஆகிய ஊர்களையும் நாகர்கோவிலையும் உள்ளடக்கிய சிறு நிலப்பரப்பில் அவை அனைத்தும் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஆகவே இக்கோட்பாட்டின் வரலாற்றை அறிய இப்பகுதி நல்ல எடுத்துக்காட்டாக அமைகிறது.

சொற்கள்

சீர்திருத்தத் திருச்சபைகள் பயன்படுத்தும் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் உரோமையர் நிருபத்தின் 8-ஆம் அதிகாரம் "முன்குறித்தல்", "முன்னறிதல்" என்னும் இரு வினைகளை அடுத்தடுத்து ஆள்கிறது. முன்னறிதல் என்பது நிகழப்போவதைக் கடவுள் முன்பே அறிதல். முன்குறித்தல் என்பது நிகழ வேண்டியதைக் கடவுள் முன்பே உறுதி செய்தல். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பே பிற்காலச் சர்ச்சைகளின் மையமாகும். கடவுள் முன்னறிந்ததால் முன்குறித்தாரா, அல்லது முன்குறித்ததால் முன்னறிகிறாரா என்பதே கேள்வி.

தன்விருப்பத்தைச் சுட்டச் சீர்திருத்தச் சபையினர் "சுயசித்தம்" என்றும், கத்தோலிக்கர் "மனச் சுதந்திரம்", "சுதந்திர விருப்பு" என்றும் கூறுவர். கடவுளின் உதவியைக் குறிக்கக் "கிருபை", "அருள்" ஆகிய சொற்கள் வழங்குகின்றன. தேர்ந்துகொள்ளப்படுதல் "தெரிந்தெடுப்பு" எனப்படும்.

பேச்சு வழக்கில் "தலையெழுத்து", "விதி" ஆகிய சொற்களும் இப்பொருளில் ஆளப்படுவதுண்டு. ஆயினும் இறையியலாளர் இவற்றை ஏற்பதில்லை. விதி என்பது யாரும் மாற்ற இயலாத, முகமற்ற ஓர் ஒழுங்காகக் கருதப்படுகிறது. முன்குறிப்போ அன்பும் திட்டமும் உடைய ஒருவரின் முடிவு என்று கிறித்தவம் கூறுகிறது.

சிக்கலின் தன்மை

கடவுள் அனைத்தையும் அறிபவர், அனைத்தையும் ஆள்பவர், முழு நன்மையே உருவானவர் என்பது கிறித்தவ நம்பிக்கை. மனிதர் தம் செயல்களுக்குப் பொறுப்பாளிகள், தீர்ப்புக்கு உட்பட்டவர்கள் என்பதும் அதே நம்பிக்கையின் பகுதியாகும். இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது பின்வரும் வினாக்கள் எழுகின்றன.

- நாளை ஒருவர் செய்யப்போவதைக் கடவுள் இன்றே பிழையின்றி அறிவாரெனில், அவர் வேறொன்றைச் செய்ய முடியுமா?
- மீட்பு முழுவதும் கடவுளின் கொடை எனில், அதைப் பெறாதவர் மீது குற்றம் சாட்டுவது நீதியாகுமா?
- மீட்பு மனிதரின் முடிவைச் சார்ந்தது எனில், அது கொடையாக இருக்குமா, அல்லது கூலியாகிவிடுமா?
- எல்லாம் முன்பே உறுதியாகிவிட்டதெனில், வேண்டுதல், மனந்திரும்புதல், நற்செய்தி அறிவித்தல் ஆகியவற்றுக்குப் பயன் உண்டா?

விவிலிய அடிப்படை

இரு தரப்பினரும் விவிலியத்தையே சான்றாகக் காட்டுகின்றனர். கடவுளின் தெரிந்தெடுப்பை வலியுறுத்துவோர் உரோமையர் 8, 9 அதிகாரங்கள், எபேசியர் 1-ஆம் அதிகாரம், யோவான் 6-ஆம் அதிகாரம் ஆகியவற்றை எடுத்துரைப்பர். உரோமையர் 9-இல் பவுல், யாக்கோபு, ஏசா என்னும் இரட்டையர் பிறந்து நன்மையோ தீமையோ செய்வதற்கு முன்பே கடவுளின் தேர்வு நிகழ்ந்ததைச் சுட்டுகிறார். மேலும் குயவனுக்குத் தன் களிமண்மீது உள்ள உரிமையை உவமையாக்குகிறார்.

மனிதரின் தெரிவை வலியுறுத்துவோர் வாழ்வையும் சாவையும் முன்வைத்துத் தெரிந்துகொள்ளச் சொல்லும் உபாகமம் 30-ஆம் அதிகாரம், ஒவ்வொருவரும் தம் செயலுக்கே பொறுப்பு எனக் கூறும் எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம், எல்லா மனிதரும் மீட்புப் பெறக் கடவுள் விரும்புவதாகக் கூறும் 1 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரம் ஆகியவற்றைக் காட்டுவர்.

பிலிப்பியர் 2:12-13 இரண்டையும் ஒரே மூச்சில் கூறுகிறது. மீட்புக்காக உழைக்குமாறு அது வாசகர்களைத் தூண்டுகிறது. அவ்வாறு உழைக்கும் விருப்பத்தையும் ஆற்றலையும் அவர்களுக்குள் உண்டாக்குபவர் கடவுளே என்றும் உடனே சேர்த்துக்கொள்கிறது.

வரலாறு

தொடக்கக் காலம்

முதல் நூற்றாண்டுகளின் கிறித்தவ எழுத்தாளர்கள் பெரும்பாலும் தன்விருப்பத்தையே வலியுறுத்தினர். கோள்களும் விண்மீன்களும் மனித வாழ்வை முடிவு செய்கின்றன என்னும் நம்பிக்கை அக்காலத்தில் பரவியிருந்ததே இதற்குக் காரணம். எதேசா நகரைச் சேர்ந்த பர்தைசான் (154-222) என்பவரின் கருத்துகளை உரையாடல் வடிவில் கூறும் "நாடுகளின் சட்டங்கள்" என்னும் சிரியாக் மொழி நூல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஒரே கோள் நிலையில் பிறந்தவர்களும் தத்தம் நாட்டு வழக்கப்படி வெவ்வேறாக வாழ்கின்றனர். ஆகவே கோள்கள் மனிதரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பது அந்நூலின் வாதம். இந்தியப் பிராமணரின் வாழ்க்கை முறையும் அதில் ஒரு சான்றாகக் காட்டப்படுகிறது. பர்தைசானைப் பின்னர் கடுமையாக மறுத்த புனித எப்ரேமும் (இறப்பு 373) மனிதரின் விருப்பச் சுதந்திரத்தைப் போற்றினார்.

அகுஸ்தீனும் பெலாஜியுசும்

மேற்குத் திருச்சபையில் சர்ச்சை 5-ஆம் நூற்றாண்டில் வெடித்தது. மனிதர் தம் சொந்த ஆற்றலால் கடவுளின் கட்டளைகளை நிறைவேற்ற இயலும் எனப் பெலாஜியுஸ் கற்பித்தார். ஆதாமின் வீழ்ச்சியால் மனித விருப்பம் தீமைக்கு அடிமையாகிவிட்டது, கடவுளின் அருள் முந்திச் செயற்படாமல் யாரும் நன்மையை நாட இயலாது என இப்போ நகர ஆயர் அகுஸ்தீன் (354-430) மறுத்தார். இளமையில் தன்விருப்பத்தை ஆதரித்து நூல் எழுதிய அகுஸ்தீன், முதுமையில் முன்குறிப்பை விளக்கித் தனி நூல் எழுதினார் என்பது நோக்கத்தக்கது. 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியுசின் கருத்துகளைக் கண்டித்தது. 529-இல் கூடிய ஆரஞ்சு சங்கம் அருளின் முதன்மையை ஏற்றது. அதே வேளையில், கடவுள் யாரையும் தீமைக்கென முன்குறிக்கிறார் என்னும் கருத்தை அது வன்மையாக ஒதுக்கியது.

இடைக்காலம்

சிறையில் இருந்தபோது போயத்தியுஸ் 524-ஆம் ஆண்டளவில் எழுதிய நூல் முன்னறிதல் பற்றிய புகழ்பெற்ற விளக்கத்தைத் தந்தது. கடவுள் காலத்துக்கு அப்பாற்பட்டவர். அவருக்கு எல்லாக் காலமும் நிகழ்காலமே. நடந்து செல்லும் ஒருவரை நாம் பார்ப்பதால் அவர் நடக்கக் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. அதுபோலவே கடவுள் அறிவதும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்றார் அவர். 9-ஆம் நூற்றாண்டில் கோட்சால்க் என்னும் துறவி, மீட்புக்கும் அழிவுக்கும் ஆகிய "இரட்டை முன்குறிப்பை"க் கற்பித்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். தாமஸ் அக்குவினாஸ் (1225-1274), கடவுள் முதற்காரணராக மனிதரின் சுதந்திரச் செயலையும் சுதந்திரச் செயலாகவே உண்டாக்குகிறார் என விளக்கினார்.

சீர்திருத்தக் காலம்

1524-இல் எராஸ்முஸ் தன்விருப்பத்தை ஆதரித்து எழுதினார். அடுத்த ஆண்டு மார்ட்டின் லூதர் மனித விருப்பம் அடிமைப்பட்டது என மறுப்பு நூல் வெளியிட்டார். ஜான் கால்வின் (1509-1564) தம் "கிறித்தவ சமய நிறுவனங்கள்" நூலின் 1559-ஆம் ஆண்டு இறுதிப் பதிப்பில், சிலர் மீட்புக்கும் சிலர் அழிவுக்கும் கடவுளின் நித்திய ஆணையால் குறிக்கப்பட்டுள்ளனர் என எழுதினார்.

லூத்தரன் சபைகள் இவ்வளவு தூரம் செல்லவில்லை. 1577-இல் உருவான இணக்க வாய்பாட்டின் 11-ஆம் பிரிவின்படி, மீட்கப்படுவோர் கடவுளின் தெரிந்தெடுப்பால் மட்டுமே மீட்கப்படுகின்றனர். அழிவோர் தம் குற்றத்தாலேயே அழிகின்றனர். இவ்விரண்டையும் தருக்கத்தால் இணைக்க முயலாமல் மறைபொருளாக விட்டுவிட வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு.

நெதர்லாந்தில் ஆர்மினியுஸ் (1560-1609), யார் நம்புவார் என்பதை முன்னறிந்தே கடவுள் தெரிந்தெடுக்கிறார் எனக் கற்பித்தார். அவருடைய மாணவர்கள் 1610-இல் ஐந்து கூற்றுகளை வெளியிட்டனர். 1618-1619-இல் டார்ட் நகரில் கூடிய சங்கம் அவற்றை மறுத்தது. அச்சங்கத்தின் முடிவுகள் பின்னாளில் "கால்வினியத்தின் ஐந்து கூற்றுகள்" எனச் சுருக்கிக் கூறப்பட்டன.

1. முழுச் சீர்கேடு: பாவத்தால் மனிதரின் அறிவு, விருப்பம், உணர்வு அனைத்தும் கெட்டுள்ளன.
2. நிபந்தனையற்ற தெரிந்தெடுப்பு: கடவுளின் தேர்வு மனிதரிடம் உள்ள எதையும் சார்ந்ததன்று.
3. வரையறுத்த பரிகாரம்: கிறித்துவின் சாவு தெரிந்தெடுக்கப்பட்டோருக்காகவே திறம்பட நிகழ்ந்தது.
4. எதிர்க்க இயலாத அருள்: கடவுள் மீட்க விரும்புவோரிடம் அவருடைய அருள் தோல்வியுறாது.
5. நிலைபேறு: உண்மையாக நம்பியோர் இறுதிவரை காக்கப்படுவர்.

கத்தோலிக்கத் திருச்சபை

திரெந்து சங்கம் (1545-1563) தன் ஆறாம் அமர்வில், பாவத்தால் மனித விருப்பம் வலுவிழந்ததேயன்றி அழியவில்லை என 1547-இல் அறிவித்தது. தாம் தெரிந்தெடுக்கப்பட்டவரென எவரும் தனி வெளிப்பாடு இன்றி உறுதியாகக் கூற இயலாது என்றும் கூறியது. 1588-இல் இயேசு சபையைச் சேர்ந்த லூயிஸ் தெ மோலினா புதிய விளக்கம் ஒன்றை வெளியிட்டார். எந்தச் சூழலில் வைத்தால் ஒருவர் எதைத் தாமாகத் தெரிவு செய்வார் என்பதைக் கடவுள் அறிவார். அவ்வறிவைக் கொண்டே உலகை நடத்துகிறார் என்பது அவரது கருத்து. இது "நடு அறிவு" எனப்படும். தொமினிக்கன் சபையினர் இதை எதிர்த்தனர். 1598 முதல் உரோமையில் நடந்த விசாரணையை 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் முடிவு கூறாமலேயே நிறுத்திவைத்தார். இரு தரப்பும் ஒன்றையொன்று தப்பறை எனக் கண்டிக்கத் தடை விதிக்கப்பட்டது.

வெஸ்லியும் விட்பீல்டும்

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரே எழுப்புதல் இயக்கத்தின் இரு தலைவர்கள் இவ்வினாவால் பிரிந்தனர். ஜான் வெஸ்லி (1703-1791) 1739-இல் முன்குறிப்பைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். எல்லா மனிதருக்கும் முந்தியே வழங்கப்படும் அருளால், கடவுளின் அழைப்பை ஏற்கவோ மறுக்கவோ இயலுகிறது என்பது அவர் நிலைப்பாடு. ஜார்ஜ் விட்பீல்டு (1714-1770) கால்வினியராகவே இருந்தார். பின்னர் இருவரும் நட்பைப் புதுப்பித்துக்கொண்டனர். விட்பீல்டின் இறப்புக்குப் பின் வெஸ்லியே இரங்கல் பிரசங்கம் நிகழ்த்தினார்.

முன்குறிப்பும் நற்செய்திப் பணியும்

யார் மீட்கப்படுவர் என்பது முன்பே முடிவாகிவிட்டதெனில், கடல் கடந்து சென்று நற்செய்தி அறிவிப்பது ஏன் என்ற கேள்வி 18-ஆம் நூற்றாண்டில் நடைமுறைச் சிக்கலாகவே இருந்தது. இங்கிலாந்தின் கால்வினிய பாப்திஸ்துகளுள் ஒரு சாரார், மனந்திரும்ப இயலாதோரை மனந்திரும்புமாறு அழைப்பது பொருத்தமற்றது என்று கருதினர்.

அமெரிக்க இறையியலாளர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1754-இல் வெளியிட்ட நூலில் இயற்கை இயலாமை, ஒழுக்க இயலாமை என இருவகையைப் பிரித்துக் காட்டினார். கால் இல்லாதவன் நடக்க இயலாமை முதல்வகை. நடக்க விரும்பாதவன் நடவாமை இரண்டாம் வகை. பாவியின் இயலாமை இரண்டாம் வகை ஆதலால் அவன் பொறுப்பாளியே என்பது இதன் பயன். இதனை ஒட்டி ஆண்ட்ரூ புல்லர் 1785-இல், நற்செய்தியை எல்லோரும் ஏற்கக் கடமைப்பட்டவர்கள், ஆகவே எல்லோருக்கும் அதை அறிவிக்கவும் வேண்டும் என வாதிட்டார். கடவுள் முடிவை மட்டுமன்றி அம்முடிவை அடையும் வழியையும் குறித்துள்ளார், அறிவித்தலும் அவ்வழியின் பகுதியே என்பது இத்தரப்பினரின் விடையாகும். புல்லரின் நண்பர் வில்லியம் கேரி 1793-இல் வங்காளம் வந்தார். 1795-இல் இலண்டன் மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டது. அதன் நிறுவனர்களில் பெரும்பாலோர் மிதமான கால்வினிய மரபினர். இச்சங்கமே பின்னர் தென் திருவிதாங்கூரில் பணியாற்றியது.

இரணியல் வட்டாரத்தில்

இரணியல் முற்காலத்தில் வேணாட்டு அரசர்களின் இருப்பிடங்களுள் ஒன்று. திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் அது ஒரு தாலுகாவின் பெயராகவும் விளங்கியது. 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி தமிழ்நாட்டுடன் (அன்றைய சென்னை மாநிலம்) இணைந்தது. இங்கும் அண்டைய ஊர்களிலும் பல்வேறு கிறித்தவ மரபுகள் வேரூன்றியுள்ளன.

சிரியன் மரபு

இரணியலுக்கு அருகிலுள்ள திருவிதாங்கோட்டின் பழைமையான தேவாலயம் "அரைப்பள்ளி" என வழங்கப்படுகிறது. திருத்தூதர் தோமா நிறுவியதாக மரபு கூறும் இக்கோயில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சிரியன் சபையைச் சேர்ந்தது. சிரியாக் மொழி வழிபாட்டில் வளர்ந்த இம்மரபில் இலத்தீனில் எழுதிய அகுஸ்தீனின் செல்வாக்கு இல்லை. கடவுளின் அருளும் மனித முயற்சியும் ஒத்துழைக்கின்றன என்பதே கிழக்குத் திருச்சபைகளின் பொதுக் கருத்து. முன்குறிப்புச் சர்ச்சை அவற்றில் பெரிதாக எழவில்லை.

இயேசு சபையினர்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1544-இல் தென் திருவிதாங்கூர்க் கடற்கரையில் மீனவ மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். அவர் சார்ந்த இயேசு சபையின் நிறுவனர் லொயோலா இஞ்ஞாசியார் தம் "ஆன்மிகப் பயிற்சிகள்" நூலின் விதிகளில், முன்குறிப்பு பற்றி மக்களிடம் பேசும்போது மிகுந்த கவனம் வேண்டும் என அறிவுறுத்தியுள்ளார். எல்லாம் முன்பே முடிவானதெனக் கேட்கும் எளிய மக்கள், தாம் நன்மை செய்வதால் ஆவது ஒன்றுமில்லை எனச் சோர்ந்துவிடுவர் என்பதே அவரது அச்சம்.

மீட்பின் எல்லை பற்றிய கேள்வியைச் சவேரியார் யப்பானில் நேரடியாகச் சந்தித்தார். நற்செய்தியைக் கேளாமல் இறந்த தம் முன்னோரின் நிலை யாதெனப் புதுக் கிறித்தவர்கள் கேட்டு அழுததை 1552-இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் துயரத்துடன் குறிப்பிட்டார். அக்காலப் போதனைப்படி அவரால் ஆறுதலான விடை அளிக்க இயலவில்லை. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும் மீட்புப் பெற இயலும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அறிவித்தது.

தேவசகாயம் பிள்ளை

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனைப் பணியில் இருந்தார். 1741-ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு நண்பரானார். குடும்ப இழப்புகளால் மனம் தளர்ந்திருந்த நீலகண்ட பிள்ளைக்கு டிலனாய் விவிலியத்தின் யோபு வரலாற்றைக் கூறியதாக மரபுச் செய்தி கூறுகிறது. துன்பம் எல்லாம் பாவத்தின் விளைவே என்னும் நண்பர்களின் விளக்கத்தை யோபு ஏற்க மறுப்பதே அந்நூலின் பொருளாகும். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்னர் கைது செய்யப்பட்டு, நம்பிக்கையைக் கைவிட மறுத்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். கத்தோலிக்கப் போதனையில் மறைச்சாட்சியின் உறுதி கடவுள் தரும் கொடை. அதே வேளையில் அது அவர் தாமே செய்த தெரிவும் ஆகும். இரண்டில் ஒன்றை நீக்கினாலும் அவரைப் போற்றுவதற்குப் பொருள் இராது.

இலண்டன் மிஷனெரி சங்கம்

இச்சங்கத்தின் சார்பில் 1806-இல் திருவிதாங்கூர் வந்த ரிங்கல்தௌபே மயிலாடியைத் தம் பணிக்களம் ஆக்கினார். பிரசியரான இவர் பிறப்பால் லூத்தரன் மரபினர். 1818-இல் நாகர்கோவிலில் பணி தொடங்கிய சார்லஸ் மீட், 1828-இல் இரணியலை அடுத்த நெய்யூரைத் தம் பணிமையம் ஆக்கினார். அங்கு 1838-இல் தொடங்கிய மருத்துவப் பணி பின்னர் புகழ்பெற்ற மருத்துவமனையாக வளர்ந்தது. கால்வினியப் பின்னணி கொண்ட ஒரு சங்கம் பள்ளிகளையும் மருத்துவமனையையும் நிறுவி, ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைகளுக்காகவும் வாதாடியது. முன்குறிப்பு நம்பிக்கை செயலின்மைக்கே இட்டுச் செல்லும் என்னும் பொதுக் கருத்துக்கு இது எதிர்ச்சான்றாகும்.

இரட்சணிய சேனை

வெஸ்லியின் மரபில் தோன்றிய இரட்சணிய சேனை 1882-இல் இந்தியா வந்தது. 1890-களில் நாகர்கோவிலில் அது தொடங்கிய மருத்துவப் பணி கேத்தரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. கிறித்து உலகம் முழுமைக்காகவும் மரித்தார், விரும்பும் எவரும் மீட்புப் பெறலாம், மீட்பில் நிலைத்திருப்பது தொடர்ந்த நம்பிக்கையையும் கீழ்ப்படிதலையும் சார்ந்தது என்பன அதன் கோட்பாடுகள். இவை டார்ட் சங்கத்தின் கூற்றுகளுக்கு நேர் எதிரானவை.

லூத்தரன் சபை

அமெரிக்காவின் மிசௌரி லூத்தரன் சபையின் ஊழியர்கள் 1907-இல் நாகர்கோவிலில் பணி தொடங்கினர். இச்சபை அதற்கு முன்னரே முன்குறிப்புச் சர்ச்சையால் பிளவைக் கண்டிருந்தது. மனிதரின் நம்பிக்கையை முன்னறிந்தே கடவுள் தெரிந்தெடுத்தார் என ஒரு சாரார் கூற, வால்தர் தலைமையிலான மிசௌரி சபையினர் அதை மறுத்தனர். 1881-இல் ஒகையோ சபை அவர்களிடமிருந்து பிரிந்தது. நாகர்கோவிலில் இச்சபை நிறுவிய கன்கார்டியா இறையியல் கல்லூரியின் பெயர், மேற்கூறிய இணக்க வாய்பாடு அடங்கிய லூத்தரன் அறிக்கைத் தொகுப்பின் பெயரே ஆகும்.

தென்னிந்தியத் திருச்சபை

இலண்டன் மிஷனெரி சங்கத்தின் சபைகள் 1908-இல் பிரெஸ்பிட்டேரியன் சபைகளுடன் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. இதன்மூலம் கால்வினின் வழிவந்தோரும் வெஸ்லியின் வழிவந்தோரும் ஒரே திருச்சபையினர் ஆயினர். திருமறையையும் பழைய விசுவாச அறிக்கைகளையும் அடிப்படையாகக் கொண்ட இவ்விணைப்பு, முன்குறிப்பு பற்றித் தனி முடிவு எதையும் விதிக்கவில்லை. 1959-இல் கன்னியாகுமரித் திருமண்டிலம் தனியாக அமைந்தது.

தமிழ்ச் சிந்தனை மரபில்

இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளின் அறத்துப்பால் "ஊழ்" அதிகாரத்துடன் முடிகிறது; பொருட்பாலில் முயற்சியைப் போற்றும் "ஆள்வினையுடைமை" அதிகாரம் உள்ளது. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என உரையாசிரியர்கள் ஆராய்ந்துள்ளனர்.

தமிழ் வைணவத்தில் அருள் பற்றிய கருத்து வேறுபாடு மேலும் நெருங்கிய ஒப்புமை உடையது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல அடியாரிடமும் சிறு முயற்சி வேண்டும் என்பது வடகலை மரபு. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல எல்லாம் இறைவன் செயலே என்பது தென்கலை மரபு. செருமானிய அறிஞர் ருடால்ப் ஓட்டோ, இந்தியாவின் அருள் நெறியையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு 1930-இல் எழுதிய நூலில் இதனைக் கவனப்படுத்தினார். எனினும், சிலரைக் கடவுள் என்றென்றைக்கும் கைவிட்டார் என்னும் கால்வினியக் கருத்துக்குத் தென்கலை மரபில் இடமில்லை.

வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900), ஜான் பனியனின் "மோட்ச பயணம்" நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றினார். கால்வினிய மரபினரான பனியன், தாம் தெரிந்தெடுக்கப்பட்டவரா என்னும் ஐயத்தால் பல ஆண்டுகள் வருந்தியதை 1666-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் கூறியுள்ளார். அவருடைய பயணக் கதை தமிழில் பக்திக் காப்பியமாக மறுபிறவி எடுத்தது.

நம்புவோர் வாழ்வில்

இக்கோட்பாடு நூலறிவுக்கு மட்டும் உரியதன்று. நம்புவோர் எதிர்கொள்ளும் சில கேள்விகளுக்குத் திருச்சபைகள் தரும் விடைகள் பின்வருமாறு.

- நான் தெரிந்தெடுக்கப்பட்டவனா? தன்னுள்ளே தேடாமல் கிறித்துவை நோக்குமாறு கால்வினும் லூதரும் அறிவுறுத்தினர். கத்தோலிக்கர் உறுதியைக் கோராமல் நம்பிக்கையுடன் அருட்சாதனங்களைப் பற்றிக்கொள்ளுமாறு கூறுவர். வெஸ்லி மரபினர், தூய ஆவியார் இன்றைய மீட்பின் உறுதியை உள்ளத்தில் தருகிறார் என்பர். ஆனால் அதை இழந்துவிடவும் கூடும் என எச்சரிப்பர்.
- வேண்டுதலால் பயன் உண்டா? கடவுளின் திட்டம் மாறுவதில்லை, வேண்டுதலும் அத்திட்டத்தின் பகுதியே என்பது அக்குவினாஸ், கால்வின் இருவருக்கும் பொதுவான விடை.
- இறந்த குழந்தைகளின் நிலை யாது? பெலாஜியுசுடன் ஏற்பட்ட சர்ச்சைக் காலம் முதல் பெற்றோரை வருத்திய கேள்வி இது. 1903-இல் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபை, குழந்தைப் பருவத்தில் இறக்கும் அனைவரும் மீட்கப்படுவர் என விளக்கம் வெளியிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை திருமுழுக்குப் பெறாத குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது.

அண்மைக் காலம்

சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் 1942-இல் புதிய விளக்கம் ஒன்றை முன்வைத்தார். தெரிந்தெடுக்கப்பட்டவரும் புறக்கணிக்கப்பட்டவரும் இயேசு கிறித்து ஒருவரே; மனிதர் அனைவரும் அவருக்குள்ளாகவே தெரிந்தெடுக்கப்படுகின்றனர் என்றார் அவர். 1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஏற்புடைமை பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஒன்றியமும் அதை ஏற்றன. மீட்பு கடவுளின் அருளாலேயே கிடைக்கிறது என்பதில் இவை உடன்படுகின்றன. அவ்வருளை மறுக்க மனிதரால் இயலுமா என்பதில் மரபுகளுக்கிடையே வேறுபாடு தொடர்கிறது.

பெரும்பாலான பெந்தெகோஸ்தே சபைகள் ஆர்மினிய நிலைப்பாட்டைச் சார்ந்தவை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்று இவையும் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், தென்னிந்திய, லூத்தரன் சபைகளும் இரட்சணிய சேனையும் அருகருகே இயங்குகின்றன. ஒருகாலத்தில் நாடுகளையும் நண்பர்களையும் பிரித்த ஒரு வினாவின் வெவ்வேறு விடைகள் இங்கு அண்டை வீடுகளின் நம்பிக்கைகளாக உள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

- அகுஸ்தீன்
- கால்வினியம்
- ஆர்மினியம்
- மோலினியம்
- ஊழ்
- தேவசகாயம் பிள்ளை
- தென்னிந்தியத் திருச்சபை
- நெய்யூர்
- இரணியல்